கடைசி இடத்தில் இருப்பவருக்கான விதிகள்

அண்ணன் மகன் சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் அட்டைக்கட்டை இரண்டாவது தடவையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். 1999ஆம் ஆண்டுக் கட்டு. சேமி சோசா இருந்தார். மார்க் கிரேஸ் இருந்தார். கெர்ரி வுட் இல்லை. கடைசி அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

தெரியும். அடுப்பில் சுண்டல் இருந்தது, அதைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். எங்கள் பேஸ்பால் லீக்கின் விதிப் புத்தகத்தைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் இந்தக் காட்சிதான் வருகிறது. அதனால் இதையே முதலில் வைக்கிறேன்.

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வேஃபர் ஆலையில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவள் நான். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. கோடைக்காலத்தில் நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஆட்டம் தொடங்கும்போது இங்கே எனக்கு வேலை முடியும். பேருந்துக்கு நேரம் இருந்தால் ஓய்வறைத் தொலைக்காட்சியில் இரண்டு இன்னிங்ஸ் பார்ப்பேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பந்து வீசும் பிட்சரும் அதை அடிக்கும் பேட்டரும் ஒருவர் மனதை ஒருவர் படிக்கும் ஆட்டம் இது என்று புரிந்த பிறகு விடவே முடியவில்லை.

நாங்கள் ஆடுவது ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக். ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் கொண்டுவந்த அட்டை விளையாட்டு. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அந்த வருடம் அவர் நிஜமாக எப்படி ஆடினாரோ அந்தக் கணக்கு அட்டையில் மூன்று பத்தியாக இருக்கும். மூன்று பகடை உருட்ட வேண்டும். தனி நிறப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை, பத்தியில் எந்த வரி என்று சொல்லும். ஏழு விழ முப்பத்தாறில் ஆறு வாய்ப்பு. இரண்டு விழ ஒன்றே ஒன்று. சில வரிகளுக்கு மேற்கொண்டு இருபது முகப் பகடையும் உருட்ட வேண்டியிருக்கும். அம்மா இருந்த வரை கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாயம் விழுந்துச்சா?" என்று கேட்பார். பன்னிரண்டு விழும்போதெல்லாம் அவருக்காக நாங்களே "தாயம்!" என்போம். இன்றும் அப்படித்தான்.

மொத்தம் எட்டு மேனேஜர்கள். நான், என் கொழுந்தனார், டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், மதுரையிலிருந்து வந்து கணினித் துறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், எதிர் புளோக் கணவன் மனைவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அண்ணன் மகன். சனிக்கிழமை மாலை யீஷூனில் என் வீட்டில் கூடுவோம். நான்கறை வீடு. கூடத்தில் இரண்டு மேசை, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் இஸ்திரிப் பலகையை மடக்கி வைத்துவிட்டு ஒன்று. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு தலா ஆறு ஆட்டம். ஆக அணிக்கு 42 ஆட்டம், ஒரு சனிக்கு மூன்று என்று பதினான்கு சனிக்கிழமை. பொங்கல், தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஆளாளுக்கு ஷிப்ட் என்று இழுத்து ஐந்து மாதம் ஆகிவிடும். முதல் சீசனுக்கு 1998 அட்டைகள், அடுத்ததற்கு 1999 என்று வருடம் வருடமாக நகர்கிறோம். ஒரு சீசன் முடிந்தால் அவரவர் ஐந்து பேரை வைத்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்ப, ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்கும் ஏலச்சுற்றில் எடுக்க வேண்டும். தலைக்கு இருபது வெள்ளி, அட்டை வாங்கவும் சாப்பாட்டுக்கும். பந்தயம் கூடாது, பரிசுப் பணமும் கிடையாது.

தொடங்கும்போது ஒன்பது விதிகள்தான். இப்போது இருபத்திரண்டு. பகடை மேசையிலிருந்து கீழே விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், எவர்சில்வர்த் தட்டில் உருட்டக் கூடாது, கீழ்வீட்டுக் குழந்தை தூங்கும், என்பது போன்றவையும் அதில் அடக்கம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் பெரிய சண்டை ஷேன் ஸ்பென்சரால் வந்தது. 1998இல் நியூயார்க் யாங்கீஸில் சீசன் கடைசியில் திடீரென்று கிளம்பியவர். 67 தடவைதான் பேட் பிடித்தார், அதில் 10 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி), சராசரி .373. ஒரு மாதம் சாமி வந்த மாதிரி ஆடிய ஆள். அட்டைக்கு அந்த ஒரு மாதம்தான் தெரியும். டாக்சி அண்ணன் அவரைக் கடைசிச் சுற்றில் சும்மா எடுப்பதுபோல் எடுத்து, எல்லா ஆட்டத்திலும் நான்காவதாக இறக்கினார். நான்கு வாரம் கழித்து எங்கள் ஹோம் ரன் பட்டியலில் மார்க் மெக்வையருக்கு மேலே ஸ்பென்சர். நிஜத்தில் மெக்வையர் அந்த வருடம் 70 அடித்தார்!

டாக்சி அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதியில் இல்லாததை அவர் செய்யவில்லை. ஆனால் அந்த வாரம் அவரிடம் மூன்று ஆட்டமும் தோற்றவர் தமிழாசிரியர். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "நான் நல்ல ஆட்டக்காரங்களைத் தேடித் தேடி எடுத்தேனே, அதுக்கு என்னம்மா மரியாதை?"

அடுத்த வாரம் விதி எழுதினோம். நிஜ வருடம் 162 ஆட்டம், எங்களுடையது 42. ஒருவர் நிஜத்தில் எத்தனை தடவை பேட் பிடித்தாரோ அதை 42ஆல் பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரலாம். ஸ்பென்சருக்கு 17 வருகிறது, கூடுதலோடு 19. மெக்வையருக்கு 509ஐ வைத்துக் கணக்கிட்டால் 132, கூடுதலோடு 145. கணக்கு தீர்ந்தவுடன் அட்டையைக் குப்புறக் கவிழ்த்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பிட்சர்களுக்கு இதே கணக்கை இன்னிங்ஸில் போடுகிறோம். அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார் கொழுந்தனார். ஸ்பென்சர் மாதிரி ஆளை ஒரு தடவைகூட இறக்காமல் அரையிறுதிக்குப் பொத்தி வைக்கலாமே என்றார். அதனால் நிஜத்தில் நூறு தடவையாவது பேட் பிடித்தவர்தான் அரையிறுதியில் ஆடலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி வந்த நாளிலிருந்து யாரும் அட்டையின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படிக்காமல் ஆளை எடுப்பதில்லை.

இந்தச் சண்டையில்தான் எனக்கு ஒன்று தெளிவானது. ஜெயிக்கிறவருக்கு விதியே தேவையில்லை, அவர் அடுத்த சனிக்கிழமையும் கதவைத் தட்டத்தான் போகிறார். பட்டியலில் எட்டாவதாக இருப்பவர் வருவாரா என்பதில்தான் லீக்கின் உயிர் இருக்கிறது. அவர் ஒரு வாரம் வராவிட்டால் ஒரு மேசை காலி, எதிராளிக்கும் ஆட்டமில்லை. மூன்று வாரம் வராவிட்டால் லீக்கே இல்லை. அதற்குப் பிறகு எந்த விதியை எழுதினாலும் எட்டாவது ஆளின் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

எட்டாவது ஆளே விளையாட்டைக் கெடுப்பதும் உண்டு. முதல் சீசன் ஒன்பதாவது வாரம் மதுரைத் தம்பிக்கு நம்பிக்கை போய்விட்டது. தன்னிடமிருந்த நல்ல ஆட்டக்காரர் நான்கு பேரைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வருட ஏலத்தில் முதல் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டார். நிஜத்திலும் நடந்ததுதான். ஃப்ளோரிடா மார்லின்ஸ் 1997இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த கையோடு ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, 1998இல் 108 ஆட்டம் தோற்றது. அதே வருடம் மே மாதம் மைக் பியாசாவை டாட்ஜர்ஸ் மார்லின்ஸுக்குக் கொடுக்க, எட்டாவது நாள் மார்லின்ஸ் அவரை மெட்ஸுக்குத் தள்ளிவிட்டது. கொழுந்தனாரும் தன் பங்குக்கு, வாங்கிய நால்வரில் ஒருவரை அடுத்த சனியே கைமாற்றினார்.

நிஜத்தில் ஓர் அணி அப்படிச் செய்தால் முப்பது அணியில் ஒன்று கெடும். எட்டு அணியில் ஒன்று கெட்டால் அட்டவணையே கோணலாகிவிடும், அந்த அணியோடு யாருக்கு ஆட்டம் மிச்சமிருக்கிறதோ அவருக்கு யோகம். அதனால் 28 ஆட்டம் முடிந்தால் வியாபாரம் மூடப்படும். வாங்கிய ஆளை ஒன்பது ஆட்டத்துக்குள் கைமாற்றக் கூடாது. வியாபாரத்தை மற்றவர்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்யலாமா என்று பேசினோம், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டு என்று வந்தால் வீட்டுக்கு வீடு கூட்டணி சேரும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இதோடு வந்தது. கடைசியாக வருபவருக்கு முதல் ஏல வாய்ப்பு என்றால் தோற்கவே ஆசை வரும். அமெரிக்க மேஜர் லீக்கும் அந்தக் கவலையில்தான், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2023இலிருந்து முதல் இடங்களுக்குக் குலுக்கல் வைத்தது. எங்களுக்கு எட்டுப் பேருக்குக் குலுக்கல் எதற்கு? ஐந்து முதல் எட்டாம் இடம் வரை உள்ள நான்கு பேரும் தங்களுக்குள் தனியாக நாக்அவுட் ஆடுவார்கள். அதில் ஜெயிப்பவருக்கே முதல் வாய்ப்பு. மேலே இறுதி ஆட்டம் நடக்கும் அதே சனிக்கிழமை கீழே இதுவும் நடக்கும். ஒரு வருடம் கூடத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் சமையலறையில் கூடிவிட்டோம். தமிழாசிரியரும் மதுரைத் தம்பியும் பதின்மூன்று இன்னிங்ஸ் போனார்கள். வாசல் வரை நின்று பார்த்தோம், தேநீர் ஆறிப்போனது.

இனி கெர்ரி வுட். 1998இல் அவருக்கு இருபது வயது. அந்த மே 6ஆம் தேதி ஹூஸ்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இருபது பேரை ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் அவுட், செய்தார், ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். வருடம் முழுதும் 233 ஸ்ட்ரைக்அவுட். அவருடைய அட்டை என்னிடம் இருந்தது. அண்ணன் மகன் புதிதாகச் சேர்ந்தவன், பாலிடெக்னிக் முதலாண்டு, பெட்ரோ மார்ட்டினெஸை வைத்திருந்தான். முதல் சீசன் முடிந்த இரவு, எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில், "தம்பி, வுட்டைத் தர்றேன், பெட்ரோவைக் குடு. வுட்டுக்கு இருபது வயசுதான், பாரு" என்றேன். வயதைச் சொன்னேன். 1999 சீசன் தொடங்கும் நேரத்திலேயே வுட்டின் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்து அந்த வருடம் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை என்பதைச் சொல்லவில்லை. பெட்ரோ 1999இல் 23 ஜெயித்து 4 மட்டுமே தோற்றார், 313 ஸ்ட்ரைக்அவுட். அதையும் சொல்லவில்லை. அவன் சந்தோஷமாகக் கைகொடுத்துவிட்டுப் போனான்.

நடந்து முடிந்த வருடங்களை வரிசையாக ஆடும் லீக்கில் இதுதான் மிகப் பெரிய சிக்கல். எதிர்காலம் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, ஆனால் எல்லோரும் அதைப் படித்திருப்பதில்லை. நிஜ மேனேஜருக்கு அடுத்த வருடம் தெரியாது, எனக்குத் தெரியும். டாக்சி அண்ணன் எனக்காகப் பேசினார். "போன்ல தட்டினா வந்துடுமே, அவன்தான் பாத்திருக்கணும்." உண்மைதான். ஆனால் எங்கே தட்ட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்பது பழகியவனுக்குத்தான் தெரியும். முதல் வருடம் சேர்ந்தவன், அதுவும் அத்தை கேட்கும்போது, சந்தேகப்பட்டா தேடுவான்? அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. பரீட்சை என்று அண்ணி சொன்னார். அவனுடைய மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம்.

மூன்றாவது வாரம் நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெட்ரோவின் அட்டையை அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. "வியாபாரம் முடிஞ்சது முடிஞ்சதுதான், அத்தை. திருப்பிக் குடுத்தா மத்தவங்க எல்லாரும் கேப்பாங்க. விதியை மாத்துங்க" என்றான். பதினெட்டு வயதுப் பையன் சொன்னது. பெட்ரோ அந்த வருடம் என்னிடமே இருந்தார், கோப்பையும் என் வீட்டுக்கே வந்தது. அலமாரியில் அதை நான் வைக்கவில்லை.

பதினேழாவது விதியை அவன்தான் எழுதினான். எழுத்துத் திருத்தம் மட்டும் தமிழாசிரியர் செய்தார். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளப்போகும் ஆளை மாற்றும் எவரும், அந்த ஆளின் அடுத்த வருட ஆட்டக் கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் பார்க்கும்படி மேசையில் வைக்க வேண்டும். எத்தனை ஆட்டம், எத்தனை தடவை பேட், பிட்சர் என்றால் எத்தனை இன்னிங்ஸ். வைத்த பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம், காரணம் கேட்கக் கூடாது.

வியாபாரம் பாதியாகக் குறைந்தது என்பது உண்மை. மதுரைத் தம்பிக்கு அதில் வருத்தம். அவர் கணினியில் ஆடும் அவுட் ஆஃப் தி பார்க் என்ற பேஸ்பால் விளையாட்டைச் சிபாரிசு செய்தார். அதில் கற்பனை ஆட்டக்காரர்களை உருவாக்கிக்கொண்டால் யாருக்கும் எதிர்காலம் தெரியாது. நல்ல யோசனைதான், இந்தச் சிக்கலுக்கு அதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை. ஆனால் எனக்கு ரிக்கி ஹென்டர்சன் வேண்டும். 1998இல் முப்பத்தொன்பது வயதில் 66 பேஸ் திருடிய, அதாவது பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்த, மனிதரை ஏழாவது இன்னிங்ஸில் முதல் பேஸில் நிறுத்திவிட்டு, பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கும் சுகம் எனக்கு வேண்டும்.

விதி போடாமல் விட்டதும் உண்டு. நல்ல பேட்டரை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிடுவதற்கு வரம்பு வேண்டும் என்று எதிர் புளோக் அக்கா மூன்று வருடமாகக் கேட்கிறார், பாரி பாண்ட்ஸ் அவரிடம்தான் இருக்கிறார். 1998 மே 28ஆம் தேதி அரிசோனா 8-6 என்று முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். அந்த நிலையில் பாண்ட்ஸை வேண்டுமென்றே நடக்கவிட்டு, ஒரு ரன்னைச் சும்மா கொடுத்து, 8-7 என்று ஜெயித்தார்கள். நிஜத்தில் ஒரு மேனேஜர் துணிந்து செய்ததை நாங்கள் எப்படித் தடுப்பது? நிஜ ஆட்டத்தில் பதில் இருந்தால் விதி எழுதக் கூடாது. அட்டை, பகடை, 42 ஆட்டம் என்பவற்றால் வரும் கோணலுக்குத்தான் விதி.

வராதவர்களுக்கான விதியைக் கடைசியாக எழுதினோம், முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். ஷிப்ட் மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டியிருக்கும். வர முடியாதவர் வெள்ளி இரவு பத்து மணிக்குள் வாட்ஸ்அப்பில் தாள் அனுப்ப வேண்டும். இடக்கை பிட்சருக்கு எதிராக ஒரு பேட்டிங் வரிசை, வலக்கைக்கு ஒன்று. பிட்சரை எப்போது மாற்றுவது, யார் திருடலாம், யாரைத் திருட விடக் கூடாது. தாள் வராவிட்டால் போன வாரத் தாள் செல்லும். எதிராளி ஒருபோதும் அந்த அணியை நடத்தக் கூடாது, மூன்றாவது ஆள்தான் நடத்த வேண்டும். நடத்துபவர் தாளில் உள்ளதைத் தாண்டக் கூடாது, தன் புத்தி வேறு சொன்னாலும்.

அண்ணன் மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். சில வாரம் புக் அவுட் (முகாமிலிருந்து வெளியே வர அனுமதி) கிடைக்காது. அவனுடைய தாள் இரண்டு பக்கம் வரும், கோடு போட்ட நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்புவான். 2001 அட்டைகள் ஆடுகிறோம், ராண்டி ஜான்சன் அவனிடம். போன சனிக்கிழமை டாக்சி அண்ணனுக்கு எதிராக அவனுடைய அணியை நடத்தியது நான். தாளில், "ஜான்சன் ஒரே இன்னிங்ஸ்ல மூணு ஹிட் குடுத்தாதான் மாத்தணும்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தான். எட்டாவது இன்னிங்ஸ், 3-2 என்று முன்னிலை, இரண்டு ஹிட் விழுந்துவிட்டது. எனக்குக் கை துறுதுறுத்தது. மாற்று பிட்சரின் அட்டை என் விரல் பக்கத்திலேயே இருந்தது. டாக்சி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், நான் தாளைப் பார்த்தேன். ஜான்சனை விட்டேன். பகடை நான்கு, மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்பது. இரட்டை பேஸ் ஹிட், இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். 4-3.

ஆட்டத் தாளைப் படமெடுத்து அனுப்பி, அந்த உருட்டலைப் பற்றித் தனியாகவும் எழுதினேன். பத்து மணிக்கு மேல் பதில் வந்தது. "நான் எழுதுனதுதானே அத்தை, சரி. இனி ரெண்டு ஹிட்டுனு மாத்திக்கிறேன். அடுத்த வாரத் தாளை புதன்கிழமையே அனுப்பிடறேன், வியாழன் நாங்க வெளிய பயிற்சிக்குப் போறோம்."